ரிஜெக்ட் நாளின் புகை

தோசை கல்லில் ஒட்டாமல் வருவதற்காகப் பன்னிரண்டு பெண்கள் பொழுது சாய்ந்ததும் குளிர்காய்ச்சலில் நடுங்க வேண்டுமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் எழுதியும் அனுப்பியதால் எனக்கு மெமோ வந்தது. கால்நடை மருத்துவர் கால்நடைகளை மட்டும் பார்த்தால் போதும் என்று அதில் எழுதியிருந்தார்கள். என் முழு சர்வீஸிலும் நான் வாங்கிய மெமோ அது ஒன்றுதான். அதற்காக நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. வெட்கப்பட வேண்டிய காரியம் அதற்கு முன்னாலேயே செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

கோழியை அறுத்துப் பார்ப்பது, தடுப்பூசி போடுவது, தீவனம் சோதிப்பது எல்லாம் உங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பண்ணைக்காரர்கள் எட்டுப் பேர் சுற்றி நின்றுகொண்டு "என்ன சீக்குன்னு இப்பவே சொல்லுங்க" என்று கேட்கும்போது உங்கள் வாயில் என்ன வருகிறது என்பதை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், தெரிந்த மாதிரி ஒன்றைச் சொன்னேன். அதற்கு விலை கொடுத்தது நான் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நாமக்கல் வட்டாரத்தில் வேலை பார்த்தேன். சேலத்துப் பாத்திரக் கடைகளில் அப்போதுதான் நான்-ஸ்டிக் தோசைக்கல் கண்ணாடி அலமாரிக்குள் வந்து உட்கார்ந்தது. கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்தால் பெருமை. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அந்தக் கறுப்புப் பூச்சு எப்படி அதன்மேல் ஏறுகிறது என்று நானும் என் மனைவியும் யோசித்ததே இல்லை.

நாமகிரிப்பேட்டை போகும் வழியில் ஒரு பழைய மரவள்ளிக் கிடங்கில் அந்த வேலை நடந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று வெறும் அலுமினியச் சட்டிகளை அனுப்பும். இங்கே அதற்குள் கறுப்புத் திரவத்தைப் பீய்ச்சி, ஆள் உயர ஓவனில் வைத்து வேகவிட்டு, துடைத்துப் பெட்டியில் அடுக்கி அனுப்புவார்கள். உள்ளே பன்னிரண்டு பெண்கள், ஓவனைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், ஒரு சூப்பர்வைசர். கிடங்கின் மதிலுக்கு இந்தப் பக்கம் செங்கோடன் என்பவரின் கோழிப்பண்ணை. மூன்று ஷெட். அதில் ஒன்று மதிலை ஒட்டியே இருந்தது.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். செங்கோடன் மோட்டார் சைக்கிளில் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர், எதற்கும் பதறாதவர். அன்று சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"டாக்டருங்க, கோழி வாயைப் பொளந்து பொளந்து உளுகுதுங்க. தீனி போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள ஒரு வரிசையே போயிருச்சு."

நான் போய்ச் சேர்வதற்குள் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் வந்துவிட்டார்கள். மதில் ஓரத்து ஷெட்டில் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தது. மற்ற இரண்டு ஷெட்டிலும் ஒரு கோழிகூடச் சாகவில்லை. அங்கேயே நாலைந்தை அறுத்துப் பார்த்தேன். நுரையீரல் கறுஞ்சிவப்பாக, பிழிந்தால் ரத்தம் சொட்டும்படி இருந்தது. குடல் சுத்தமாக இருந்தது. இரைப்பையில் ராணிக்கெட் நோய்க்கு உரிய ரத்தப் புள்ளிகள் ஒன்றுகூட இல்லை.

இத்தனையும் என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் என்ன செய்தேன் தெரியுமா? சுற்றி நின்றவர்கள், "ராணிக்கெட்டுங்களா? அப்படீன்னா எங்க பண்ணையெல்லாம் என்ன ஆவறது?" என்று நெருக்கினார்கள். மொத்தக் கோழியையும் இன்றைக்கே குழியில் போட்டு எரிக்க வேண்டும் என்று ஒருவர் சத்தம் போட்டார். எனக்கு அந்த இடத்தை விட்டுக் கிளம்ப ஒரு பெயர் வேண்டியிருந்தது. "ராணிக்கெட்டாகத்தான் இருக்கும்" என்றேன். எல்லோருக்கும் தெரிந்த பெயர். தடுப்பூசியும் உண்டு. அரை நாளில் ஒரு ஷெட்டை மட்டும் காலி செய்துவிட்டு மதிலைப் பார்த்து நின்றுகொள்ளும் நோய் உலகத்தில் இல்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

நோய் என்று சொன்னால் அதைக் கொண்டுவந்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். அந்த ஷெட்டில் தீனி போடுகிறவர் பாவாயி என்ற அம்மா. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஆந்திராப் பக்கம் போனவர், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். பாவாயி ஷெட் வாசலில் நின்று என்னிடம் ஏதோ சொல்ல வந்தார்.

"ஏனுங்க சாமி, வெடியால இருந்து ஒரு நாத்தம்..."

நான் இடைமறித்தேன். "ஏம்மா, ஊட்ல நாட்டுக்கோழி வளர்க்கறியா?"

"நாலு இருக்குதுங்க. அதுக நல்லாத்தான்..."

"பாத்தீங்களா" என்று செங்கோடனைத் திரும்பிப் பார்த்தேன். "ஆளுங்க காலோட சீக்கு வந்துரும். பண்ணையில வேலை பாக்கறவங்க ஊட்ல கோழி வெச்சிருக்கவே கூடாது."

அவ்வளவுதான். டாக்டரே சொல்லிவிட்டார் என்று அன்று மத்தியானமே பாவாயியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஏழு வருடமாக அந்த ஷெட்டில் இருந்தவர். நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, நல்ல கையெழுத்தில் அறிக்கை எழுதிக் கோப்பில் வைத்தேன்.

வேலை போனவருக்கு நடந்து போகிற தூரத்தில் வேறு என்ன இருக்கிறது? மதிலுக்கு அந்தப் பக்கம் சட்டிக் கம்பெனி இருந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவராகப் பாவாயி அங்கே சேர்ந்தார். என் வாயால் அவரை அங்கே அனுப்பி வைத்தவன் நான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மூன்று மாதம் கழித்துச் செங்கோடன் மறுபடி வந்தார். இந்தத் தடவை அவர் முகத்தில் பதற்றம் இல்லை, கோபம் இருந்தது. நான் சொன்னபடி எல்லாக் கோழிக்கும் ஊசி போட்டு, ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுக் குஞ்சு இறக்கி வளர்த்திருந்தார். அதே ஷெட்டில் அதே மாதிரி சாவு.

"நீங்க சொன்னதெல்லாம் செஞ்சனுங்க" என்றார்.

அறுத்தேன். அதே நுரையீரல். என்னிடம் சொல்வதற்கு எந்தப் பெயரும் மிச்சமில்லை. கையைக் கழுவிவிட்டுப் பண்ணைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். கம்பெனியில் சாப்பாட்டு நேரம். பாவாயி தூக்குப்போசியோடு வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். முந்தானையால் வாயைப் பொத்தி இரண்டு தடவை இருமினார்.

"ஏனுங்க டாக்டரய்யா, ஒரு வார்த்தை சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"இன்னைக்கு ரிஜெக்ட் நாளுங்க."

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். பூச்சு சரியாக ஏறாத சட்டிகளை ஒரு மூலையில் சேர்த்து வைப்பார்களாம். நிறையச் சேர்ந்ததும் அத்தனையையும் ஓவனில் அடுக்கி, சூட்டை முழுசாக ஏற்றிப் பூச்சை எரித்து எடுத்துவிட்டு, மறுபடியும் புதிதாகப் பூசுவார்களாம். சூடு காட்டும் முள் எப்போதோ உடைந்துவிட்டது. சூப்பர்வைசர் கண்ணால் பார்த்துத்தான் சொல்வார். புகைக்குழாய் கூரைக்கு மேல் அரை ஆள் உயரம்கூட இல்லை. காற்று அடித்தால் பண்ணைப் பக்கம் போகும், அடிக்காவிட்டால் உள்ளேயே நிற்கும்.

"அந்த நாத்தம் வந்துதுன்னா, அன்னைக்குப் பொழுதோட எங்களுக்கெல்லாம் குளுரு வந்துருதுங்க. நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கறாப்பல இருக்கும். வரட்டு இருமலு. வெடியால பாத்தா ஒண்ணும் இல்லீங்க, சரியாப் போயிரும். வேலை நேரத்துல பீடி குடிக்கற அந்த ஓவன்காரருக்குச் சாதா நாள்லயும் வருது. டவுன் டாக்டருகிட்ட போனா மலேரியான்னு மாத்திரை குடுக்கறாரு. சூப்பர்வைசரு, பொம்பளைங்களுக்கு வேலை செய்ய உடம்பு வணங்கலைங்கறாரு."

"அன்னைக்குக் கோழி செத்தப்பவும்..." என்று ஆரம்பித்தேன்.

"இதே நாத்தந்தானுங்க. சொல்லத்தான் வந்தேன். நாட்டுக்கோழி இருக்குதான்னு கேட்டீங்க. இருக்குதுன்னேன். அதுக்கு மேல நீங்க எதுவும் கேக்கலீங்க."

குரலில் குத்தல் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றே, என்னோடு படித்துச் சென்னையில் ஆய்வுக்கூடத்தில் இருந்த நண்பருக்குக் கடிதம் எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வருகிற புகையில் பறவைகள் நிமிடக்கணக்கில் சாகும், வீட்டில் வெறும் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டதால் கூண்டுக்கிளிகள் செத்தது வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். மனிதர்களுக்குக் குளிர்காய்ச்சல் வரும், கையில் ஒட்டிய தூள் பீடியோடு சேர்ந்து எரிந்தாலும் வரும் என்றும் இருந்தது. பாவாயி எனக்கு வேப்பமரத்தடியில் ஐந்து நிமிடத்தில் சொன்னது அதேதான். அந்தப் பூச்சைச் செய்து விற்கிறவர்களுக்கு இது தெரியும். இந்த ஊரில் அதை எரிக்கிற பெண்களுக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் சட்டிக்கு விரோதி இல்லை. எங்கள் வீட்டுத் தோசைக்கல்லை என் மனைவி தூக்கிப் போடட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம், வெறும் கல்லை அடுப்பில் விட்டுவிட்டுப் போகாதே, புகையவிடாதே, அது போதும் என்றுதான் சொன்னேன். தோசை சுடுகிற சூடு வேறு, ரிஜெக்ட் எரிக்கிற சூடு வேறு. இந்த வித்தியாசம் எழுதப் படிக்கத் தெரிந்த முதலாளிக்கும் சூப்பர்வைசருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். கம்பெனி முதலாளி சேலத்திலிருந்து வந்தார். செங்கோடனும் மற்றப் பண்ணைக்காரர்களும் வந்தார்கள். என் மேலதிகாரியும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோழி சாவதற்குப் புகைதான் காரணம் என்று நான் விளக்கியதும் முதலாளி மறுக்கவே இல்லை. மிகவும் மரியாதையாகப் பேசினார். புகைக்குழாயை இரண்டு மடங்கு உயர்த்தி, வாயை மறுபக்கம் திருப்பி வைக்கிறேன் என்றார். பண்ணைக்காரர்களுக்குத் திருப்தி. எல்லோருக்கும் டீ வந்தது.

கோழிக்கு ஒரு மணி நேரத்தில் நியாயம் கிடைத்துவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம், ஓவன் பக்கத்தில், அதே புகையில் நிற்கிறவர்களைப் பற்றி அந்த அறையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதுதான் ஆரம்பத்தில் சொன்ன அந்தத் தோசைக்கல் கேள்வியைக் கேட்டேன்.

முதலாளி சிரித்தார். "டாக்டர் சார், அவங்க யாரும் எங்கிட்ட கம்ப்ளெயின்ட் சொல்லலையே?"

"சொன்னா வேலை இருக்குமா?" என்றேன்.

என் மேலதிகாரி மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தொட்டார். வெளியே வந்ததும், "ஆளுங்க சமாச்சாரம் நம்ம டிபார்ட்மென்ட் இல்லப்பா. ரிப்போர்ட்ல கோழியைப் பத்தி மட்டும் எழுது" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது அவருக்கு.

எழுத உட்கார்ந்தபோது நானும் தடுமாறினேன். கோழியைப் பற்றி மட்டும் எழுதினால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை தொந்தரவில்லாத பதிலைச் சொல்லி என்ன நடந்தது என்று நினைத்துப் பார்த்தேன். எரிக்கிற அறையில் வேலை செய்கிறவர்களுக்கு எந்த நாட்களில் காய்ச்சல் வந்தது என்று பாவாயி சொன்னதை அப்படியே ஒரு பத்தியாக எழுதினேன். அதன் நகலைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தபாலில் அனுப்பினேன். மெமோ வந்தது அதற்குத்தான்.

ஆனால் ஆய்வாளரும் வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு பெண்களையும் ஓவன்காரரையும் கிடங்குக்குள் வரிசையாக நிற்க வைத்தார்கள். முதலாளி அவர் பக்கத்திலேயே நின்றார். முதலாளியை வெளியே நிற்கச் சொல்லுங்கள் என்றேன். "பரவாயில்ல, மறைக்கறதுக்கு என்ன இருக்கு" என்றார் ஆய்வாளர்.

பிறகு வரிசையைப் பார்த்து, "யாருக்காவது இங்க வேலை செய்யறதால காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார்.

ஓவன்காரர் தரையைப் பார்த்தார். ஆய்வாளர் பேனாவை மூடப் போனார்.

"எனக்கு வந்துதுங்க" என்றார் பாவாயி. "நாலு தடவை. நாலும் ரிஜெக்ட் நாளு."

"காய்ச்சல் யாருக்கும் வரும். இந்தப் புகையாலதான்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன டாக்டரா?"

பாவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"கோழி செத்துக் காட்டுச்சுங்க, எல்லாரும் நம்புனீங்க. நாங்களும் அப்படிக் காட்டோணுமுங்களா?"

ஆய்வாளருக்கு முகம் சிவந்தது. வரிசையில் கடைசியில் நின்ற ஒரு பெண் "எனக்குந்தானுங்க" என்றார். அடுத்து இன்னொருவர். ஓவன்காரர் பீடிக்கட்டை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "எனக்கு வாரத்துல ரெண்டு நாளுங்க" என்றார். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் சொன்னார்கள். ஆய்வாளர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினார்.

இது எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ஓவனுக்குப் புது முள் வைத்தார்கள். புகையை வெளியே இழுக்கும் விசிறி வந்தது. வேலை இடத்தில் பீடியும் வெற்றிலையும் கூடாது, கை கழுவாமல் சோறு தொடக்கூடாது என்று போர்டு மாட்டினார்கள். அங்கே ரிஜெக்ட் எரிப்பதைத் தடை செய்தார்கள். காய்ச்சல் நின்றுவிட்டது என்று அந்தப் பெண்களே பிறகு சொன்னார்கள்.

ஆனால் ரிஜெக்ட் சட்டிகள் எங்கே போயின? லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பினார்கள். அந்த ஊரில் அதை எரித்தது யார், அவர்களுக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை எதுவும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்க முயன்றேன், முடியவில்லை. இத்தனை வருடம் ஆகியும் அந்த எரிச்சல் எனக்குத் தணியவில்லை.

ஆய்வாளர் வந்து போன அடுத்த வாரமே, ஆள் அதிகமாக இருக்கிறது என்று சொல்லிப் பாவாயியை நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு பேரில் அவர் ஒருவர்தான் அதிகமாம்.

கேள்விப்பட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் சோளம் காயப் போட்டிருந்தார். அந்த நாலு நாட்டுக்கோழியும் அதைச் சுற்றிக்கொண்டிருந்தன. என் தப்புதான் அம்மா, முதல் நாள் நீங்கள் சொல்ல வந்ததைக் கேட்டிருந்தால் இந்தக் கஷ்டம் எதுவும் உங்களுக்கு இல்லை என்றேன்.

"அத எங்கிட்ட சொல்லி என்னங்க ஆவும்?" என்றார். "எனக்குத்தான் அப்பவே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

மறுநாள் செங்கோடனின் பண்ணைக்குப் போனேன். முட்டை லாரி வந்து நின்ற நேரம். அன்று என்னைச் சுற்றி நின்ற அதே பண்ணைக்காரர்களில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் சொன்னேன். முதல் தடவை வந்ததும் ராணிக்கெட் இல்லை. பாவாயி எதையும் கொண்டுவரவில்லை. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன்.

செங்கோடன் கையிலிருந்த முட்டை அட்டையைக் கீழே வைத்தார். பிறகு, "டாக்டரு இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லீங்க" என்றார். சாயங்காலம் அவரே பாவாயி வீட்டுக்குப் போயிருக்கிறார். பாவாயி உடனே சரி என்றுவிடவில்லை. மதில் ஓரத்து ஷெட் வேண்டாம், நடு ஷெட் என்றால் வாரேன் என்றாராம். நடு ஷெட்டிலேயே பல வருடம் இருந்தார். ஏணி ஏறினால் அவருக்கு மூச்சு இரைக்கும். அந்தப் புகையால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்று நிரூபிக்கவும் யாரும் முன்வரவில்லை.

நீங்கள் போகிற பண்ணையில் முதலாளி பேசுவதற்கு முன்னால் தீனி போடுகிறவரிடம் பேசுங்கள். அவர் நாற்றம் என்று ஆரம்பித்தால் என்ன நாற்றம், எப்போது, எங்கிருந்து என்று கேளுங்கள். முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள். உங்கள் எல்லைக்குள் இல்லாத ஒன்று கண்ணில் பட்டால், எல்லையை வகுத்தவர்கள் பதில் சொல்லட்டும், நீங்கள் எழுதிவிடுங்கள்.

செங்கோடனிடம் சொன்ன அன்றே ஆபீசுக்கு வந்து பழைய கோப்பை எடுத்தேன். என் முதல் அறிக்கையின் கீழே இடம் இருந்தது. "மேற்கண்ட முடிவு தவறு. பணியாளர் பாவாயி சம்பவ இடத்திலேயே காரணத்தைச் சொல்ல முயன்றார். நான் கேட்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கவர்மென்ட் ஃபைல்ல இந்த மாதிரியெல்லாம் எழுதக்கூடாதுப்பா."

"எழுதிட்டேன் சார்" என்றேன்.